நெல்லிவாசல்நாட்டு வெளிநாட்டுக்காரி

"வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம். மெடல் பெறுபவர், அம்சவல்லி. நாடு, நெல்லிவாசல்நாடு!"

புதிதாக வந்திருந்த பிரின்ஸிபால் மிஸ் ஹார்கிரேவ் அந்தப் பெயரை நாலாகப் பிய்த்து, ஒவ்வொரு துண்டாக மைக்கில் போட்டார். கூடம் முழுக்கக் கைதட்டியது. கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவள் ஒரே ஒருத்திதான். அவள் அம்சவல்லி.

பக்கத்தில் இருந்த தவமணி அவள் விலாவில் இடித்தாள். தவமணி மலேசியாவில் ஈப்போக்காரி, பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுகிறவள். ஐந்து வருஷமாக ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில்.

"போ லா! ஒன்னத்தான் கூப்பிடறாங்க."

"நான் எப்படி வெளிநாடு?"

"எனக்கு என்ன தெரியும்? மொதல்ல மெடல வாங்கு. அப்புறம் கேளு."

அம்சவல்லி எழுந்து போனாள். மிஸ் ஹார்கிரேவ் நீல ரிப்பனில் தொங்கிய மெடலை அவள் சட்டையில் குத்திவிட்டு, "உன் நாடு உன்னை நினைத்துப் பெருமைப்படும்" என்று இங்கிலீஷில் சொன்னார். குவைத்திலிருந்து வந்த பையன்கள் இரண்டு பேர், அது ஆப்பிரிக்காவில் இருக்கிறதா, பசிபிக் கடலில் இருக்கிறதா என்று பின் வரிசையில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாடு அங்கிருந்து அரை நாள் நடை. கூடத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் அதன் முதல் மலை முதுகு தெரியும்.

மெடல் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். அடுத்து வந்ததுதான் அவள் வயிற்றில் அடித்தது.

"இந்திய மாணவர்களில் முதலிடம். அடுத்த இரண்டு ஆண்டு மேல்வகுப்புப் படிப்புக்கான டிரஸ்ட் இடத்தைப் பெறுபவர், லட்சுமணன்!"

1985ஆம் வருஷம், மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. நவம்பரில் எழுதிய, லண்டன் போர்டு நடத்தும் சீமைப் பரீட்சையின் முடிவு முந்தின நாள்தான் தபாலில் வந்திருந்தது. ஏழு பாடம். அம்சவல்லிக்கு ஆறு ஏ, ஒரு பி. லட்சுமணனுக்கு ஐந்து ஏ, இரண்டு பி. நோட்டீஸ் பலகையில் எல்லாரும் பார்த்ததுதான். ஆக்னஸ்டன் சர்வதேச உறைவிடப் பள்ளியில் மலைப் பிள்ளைகளுக்கென்று வருஷத்துக்கு இரண்டு இடம் உண்டு. சாப்பாடு, துணி, புத்தகம், எல்லாம் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது இந்தப் பரீட்சை வரைக்கும்தான். அதற்கு மேல் இரண்டு வருஷம் படிக்க வேண்டுமென்றால், இந்தியப் பிள்ளைகளில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு மட்டும் பள்ளியை நடத்தும் டிரஸ்ட் ஓர் இடம் கொடுக்கும். மற்றவர்கள் பணம் கட்டிப் படிக்க வேண்டும். அதுவும் வெளிநாட்டுக்காரர்கள் கட்டுகிற பணம்.

அந்த ஓர் இடத்துக்காகத்தான் அம்சவல்லி இரண்டு வருஷமாக விடியற்காலை நாலரைக்கு எழுந்து கணக்குப் போட்டாள். அது கிடைக்காவிட்டால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். ஊர் பால்வாடியில் ஆயா வேலை காலி. பஞ்சாயத்துத் தலைவர் அவள் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் நேரே ஆபீசுக்கு ஓடினாள்.

குமாஸ்தா பாண்டுரங்கன் ஆலங்காயத்துக்காரர். எட்டு வருஷமாக அங்கே டைப் அடிக்கிறார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"வா பாப்பா! மெடலு பளபளன்னு கீதே!"

"சார், என்னோட ஃபைலை எடுங்க."

"இன்னாத்துக்கு?"

"எடுங்க சார்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை அலமாரிப் பக்கம் தள்ளியது. ஃபைலைத் தூசு தட்டி விரித்தார். அடியில் பழுத்துப்போன விண்ணப்பத் தாள். மலைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் அச்சடித்த தாள். பென்சிலில் பெரிய பெரிய எழுத்து. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்பதால், பதினோரு வயசில் அவளே உட்கார்ந்து நிரப்பியது.

பெயர்: மா. அம்சவல்லி. தகப்பனார் பெயர்: மாதையன். ஊர்: புளியங்குட்டை. நாடு: நெல்லிவாசல்நாடு.

அம்சவல்லி அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாப்பா, சரியாத்தானே கீது?" என்றார் பாண்டுரங்கன். "ஊர் புளியங்குட்டை. நாடு நெல்லிவாசல்நாடு. நம்ம ரேஷன் கட செல்வராஜி புங்கம்பட்டுநாடு. பஸ்ல வர்ற கண்டக்டர் புதூர்நாடு. இதுல இன்னா தப்பு?"

"சார், இங்கிலீஷ் ஃபாரத்துல அந்த எடத்துல என்ன போட்டிருக்கு?"

பாண்டுரங்கன் இங்கிலீஷ் ஃபாரம் ஒன்றை உருவினார். தலைப்பைப் படித்தார். 'கன்ட்ரி.' இன்னொரு முறை படித்தார். பிறகு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஐயோ சாமி."

விஷயம் இவ்வளவுதான். மலை மேலே பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பேர். எந்த நாடு என்று கேட்டால் நெல்லிவாசல்நாடு என்று சொல்வார்கள், புதூர்நாடு என்று சொல்வார்கள். அந்தப் பெண் அப்படி எழுதினாள். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பாண்டுரங்கனுக்கும் அது இயல்பாகப் பட்டது. அப்படியே இங்கிலீஷில் டைப் அடித்துப் பரீட்சை போர்டுக்கு அனுப்பிவிட்டார். சீமையில் இருந்த எவரோ அப்படி ஒரு நாட்டைப் பட்டியலில் தேடிக் காணாமல், 'இதர நாடுகள்' என்ற கட்டத்தில் அவளைப் போட்டுவிட்டார்கள். பழைய பிரின்ஸிபாலாக இருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். மிஸ் ஹார்கிரேவ் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பாப்பா, என் வேலைக்கு வெடி வெச்சுடாதே" என்றார் பாண்டுரங்கன் மெதுவாக.

"என் படிப்புக்கு வெச்சாச்சே சார்."

அவர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "வா. ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம்."

மிஸ் ஹார்கிரேவ் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். லட்சுமணனின் அப்பாவுக்குக் காலையிலேயே தந்தி போய்விட்டது. பெயரைக் கூட்டத்தில் அறிவித்தாகிவிட்டது. போர்டின் தாளில் அச்சில் இருப்பதைத் தன்னால் மாற்ற முடியாது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு டிரஸ்டிகள் மெட்ராஸிலிருந்து வருகிறார்கள். அதற்குள் இந்த அரசாங்கத்தின் முத்திரையோடு ஒரு தாள் கொண்டுவந்தால் அவர்கள் முன்னால் வைக்கிறேன் என்றார்.

"என்ன தாள் மேடம்?"

"நீ இந்த நாட்டுக்காரி என்று சொல்லும் தாள்."

வார்டன் ஜெயம்மாள் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தாள். கையில் இரண்டு வாழைப்பழத்தையும் திணித்தாள். "பகல்லியே போய்ச் சேரு. ஒத்தையில ஓடாதே. வழியில கூட்டாளி யாராச்சும் போவாங்க, ஒட்டிக்கினு போ."

சாயங்காலம் அவள் புளியங்குட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா மாதையன் புளிய மரத்தின் மேலே இருந்தார். கீழே அம்மா செல்லி உதிர்ந்த பழத்தைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மே, லீவா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"எறங்கி வா அப்பா. என்னை வெளிநாட்டுக்காரின்னு சொல்ட்டாங்க."

உலுக்கிக்கொண்டிருந்த கிளை நின்றது.

"யாரு சொன்னது?"

"லண்டன்ல."

மாதையன் இறங்கி வந்தார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்து, "கேட்டியாடி? நீ பெத்தது வெளிநாடாம்" என்றார்.

"எந்த வெளிநாட்டுக்கு நான் போனேன்? எட்டாம் மாசத்துலகூட களத்துலதான் சாமை தூத்தினேன்" என்றாள் செல்லி கோபமாக. "யாருன்னு சொல்லு, நான் வந்து கேக்கறேன்."

"நீ வந்து கேட்டா சண்ட ஆயிடும்மா. தாசில்தார் ஆபீசுல ஒரு சர்டிபிகேட் வாங்கணும். நாளைக்கே."

மாதையன் தலையைச் சொறிந்தார். நாலு மரம் உலுக்காமல் நிற்கிறது. வியாபாரி சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். பால்வாடி வேலை வேறு கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறது. அது அத்தனையும் அவர் முகத்தில் ஓடியதை அம்சவல்லி பார்த்தாள்.

"பால்வாடி வேல அரசாங்க வேலதாம்மா" என்றார்.

"தெரியும்ப்பா."

"அது வேணாங்கறியா?"

"வேற யாராச்சும் நல்லாப் பாத்துக்குவாங்க. நான் கணக்குப் படிக்கணும்."

மாதையன் கூடையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "சரி. காலையில ஜீப்பு எத்தினி மணிக்குன்னு தீர்த்தகிரியைக் கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினார்.

ஜீப் ஓட்டுகிற தீர்த்தகிரியிடம் நேரம் கேட்கப் போனவர், சும்மா கேட்டுவிட்டு வந்திருக்கலாம். கதை முழுவதையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். வியாழக்கிழமை காலை பதினேழு பேர் அடைத்த ஜீப்பில் அம்சவல்லி ஏறியதும் தீர்த்தகிரி ஸ்டீரிங்கைத் தட்டி அறிவித்தான்.

"எல்லாரும் தள்ளி எடம் குடுங்கப்பா! வெளிநாட்டுப் பொண்ணு வருது! இன்னா மாதையண்ணே, கூலிய டாலர்ல குடுப்பியா?"

"ஒன் ஜீப்புக்கு டாலரு ஒண்ணுதான் கொறச்சல். மொதல்ல பிரேக்கு போடு" என்றார் மாதையன்.

"பாஸ்போர்ட் கீதா பாப்பா? புதூர்நாட்டு எல்லையில புடிப்பாங்க!"

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அம்சவல்லிக்கும் சிரிப்பு வந்தது. மெடலை வாங்கியதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் அன்றைக்கு நல்ல கூட்டம். நல்ல காலம், அவர்கள் ஊர் வி.ஏ.ஓ. ஏதோ கணக்குக் கொடுக்க அங்கேயே வந்திருந்தார். அவர் மாதையனைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாசில்தார் பிற்பகல் மூன்று மணிக்கு முகாம் முடிந்து வந்தார். நாலேகாலுக்கு, வட்டமான ஊதா முத்திரையோடு சர்டிபிகேட் கைக்கு வந்தது.

அம்சவல்லி வாசல் வேப்ப மரத்தடியில் நின்று படித்தாள். மேலே, தமிழ்நாடு அரசு. கீழே, 'மாதையன் மகள் அம்சவல்லி என்பவர் நெல்லிவாசல்நாடு, புளியங்குட்டை கிராமத்தில் பிறந்து, மேற்படி நாட்டிலேயே நிரந்தரமாக வசித்து வருபவர் என்று சான்றளிக்கப்படுகிறது.'

மேற்படி நாட்டிலேயே!

"அப்பா! இதுலயும் அப்படியே எழுதிட்டாங்க!"

உள்ளே ஓடினாள். சர்டிபிகேட் எழுதிய கிளார்க் அன்றைய கட்டுகளைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல இந்தியான்னு ஒரு வார்த்தை சேத்துக் குடுங்க."

"எங்க?"

"எங்கயாவது சார்."

கிளார்க் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, திருப்பத்தூரு எங்க கீது?"

"இந்தியாவுல."

"இந்த ஆபீசு?"

"இந்தியாவுல."

"அப்போ இந்த ஆபீசு குடுத்த பேப்பர் எந்த நாட்டு பேப்பர்? இந்தியாவுல கீறவங்களுக்கு இந்தியாவுல கீறாங்கன்னு சர்டிபிகேட் குடுக்க ஆரம்பிச்சா, ஜில்லா பூரா க்யூவுல நிக்கும். இதுக்குன்னு ஃபாரமே கெடையாது. தாசில்தார் போட்ட கையெழுத்து மேல நான் ஒரு புள்ளி வெக்க முடியாது. வேணும்னா டெல்லிக்கு எழுதிப் போடு."

அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று ஜீப் போய்விட்டிருந்தது. திருப்பத்தூரில் மாதையனின் பெரியம்மா மகன் வீட்டில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை ஆலங்காயம் வழியாகச் சுற்றிப் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார்கள். மாதையனுக்குச் சமையல்காரர்களின் அறையில் படுக்கை கொடுத்தார்கள்.

அம்சவல்லி படிப்பறைக்குப் போனாள். அங்கே லட்சுமணன் தனியாக உட்கார்ந்திருந்தான். ஜோலார்பேட்டைப் பையன். அப்பா ரயில்வேயில் கார்டு. அவனும் கடைசித் தங்கை பிறந்த வருஷத்தில் பாதிக் கட்டணச் சலுகையில் சேர்ந்தவன்தான். அவனுக்கும் அந்த ஓர் இடத்தை விட்டால் வேறு வழியில்லை.

"சர்டிபிகேட் வாங்கிட்டியாமே?" என்றான், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"வாங்கிட்டேன்."

"எங்கப்பா தந்தி பாத்ததும் ஸ்டேஷன் பூரா லட்டு குடுத்திருக்காரு. இன்னிக்கு லெட்டர் வந்துது."

அம்சவல்லி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் மெடல் கெடச்சுதில்ல. அப்புறம் என்ன?"

"மெடலை வெச்சுப் படிக்க முடியுமா?"

"எனக்கு நீ தப்பா எழுதின ஃபாரத்தால கெடச்சுதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. தெரியும். ஆனா நான் ஏமாத்தல."

"ஏமாத்தினேன்னு நான் சொன்னேனா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், லட்சுமணா. மார்க்கு யாருக்கு ஜாஸ்தி?"

அவன் ஒரு பக்கத்தைத் திருப்பினான். படிக்காமலே திருப்பினான்.

"உனக்குத்தான்."

"அதத்தான் நாளைக்குக் கேக்கப் போறேன்."

அறைக்கு வந்தபோது தவமணி கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "பாவம்டி அவன்" என்றாள். பிறகு, "நீயும் பாவம்தான்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஒன் மெடல் போச்சுன்னா அது எனக்கு வரும், தெரியுமா? வெளிநாட்டுல ரெண்டாவது நான்தான். அதனால நான் ஒண்ணும் பேசக்கூடாது லா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டிரஸ்டிகள் மூன்று பேரும் நூலக அறையில் உட்கார்ந்தார்கள். தலைவர் ஓர் ஓய்வு பெற்ற ஜட்ஜ். செயலாளர் மெட்ராஸில் ஆடிட்டர். மூன்றாமவர் ஒரு காலேஜின் பழைய பேராசிரியர், காது சற்று மந்தம். ஓரத்தில் மிஸ் ஹார்கிரேவ். கதவோரமாகப் பாண்டுரங்கன், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி. அம்சவல்லியும் அப்பாவும் எதிரே நின்றார்கள்.

மிஸ் ஹார்கிரேவ் சர்டிபிகேட்டைச் செயலாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். அவர் படித்தார்.

"கவர்ன்மென்ட் ஆஃப் தமிழ்நாடு. நெல்லிவாசல்நாட்டில் பிறந்தவர். அந்தக் கன்ட்ரியிலேயே வசிப்பவர்."

"நாடு என்றால் கன்ட்ரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் மிஸ் ஹார்கிரேவ்.

"ஆமாம்."

"தமிழ்நாடு ஒரு கன்ட்ரியா?"

"இல்லை. அது மாநிலம்."

"நெல்லிவாசல்நாடு?"

"அது... பதினைந்து கிராமம்."

"அப்படியென்றால் இந்தியா என்ன?"

"அதுவும் நாடுதான்" என்றார் செயலாளர் தோற்றுப்போன குரலில்.

ஜட்ஜ் வாய்விட்டுச் சிரித்தார். பேராசிரியர் என்ன ஜோக் என்று கேட்டு, யாரும் சொல்லாததால் தானும் சிரித்து வைத்தார்.

மிஸ் ஹார்கிரேவ் சிரிக்கவில்லை. "சிரிக்கும் விஷயம் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் போர்டுக்கு நான் எழுத வேண்டும். அந்த ஒரு வார்த்தை எந்தத் தாளிலும் இல்லையே!"

அம்சவல்லி தாளைப் பார்த்தாள். தாளில் இல்லை, சரி. தாள் இல்லாமல் வேறு எதில் அரசாங்கம் முத்திரை வைக்கும்? அவள் பார்வை பக்கத்தில் கைகட்டி நின்ற அப்பாவின் விரல்களில் வந்து நின்றது.

"அப்பா, கையைக் காட்டு."

"இன்னாத்துக்கு?"

"எடது கை. காட்டுப்பா."

மாதையன் திகைத்துப்போய் இடது கையை நீட்டினார். புளிக்கறை படிந்த கை. ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் பாதியில் கருநீலமாக ஒரு கோடு. கீழ்ப்பாதி புதிதாக வளர்ந்த வெள்ளை நகம்.

"போன டிசம்பர்ல எலெக்‌ஷன்ல எங்கப்பா ஓட்டுப் போட்டாரு சார். நெல்லிவாசல் பூத்துல. வெளிநாட்டுக்காரங்களுக்கு மை வெப்பாங்களா?"

ஜட்ஜ் முன்னால் குனிந்து அந்த நகத்தைப் பார்த்தார். கோர்ட்டில் எத்தனையோ சாட்சிப் பொருளைப் பார்த்தவர். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"யாருக்குப் போட்டீங்க?" என்றார் தமிழில்.

"அத சொல்லக்கூடாதுன்னு பூத்துலயே சொல்ட்டாங்களே சாமி" என்றார் மாதையன்.

"சரியான பதில்!" ஜட்ஜ் நாற்காலியில் சாய்ந்தார். "மிஸ் ஹார்கிரேவ், இவர் இந்திய வாக்காளர். இந்தப் பெண் இந்த மண்ணில் இவருக்குப் பிறந்தவள் என்று தாசில்தார் சொல்கிறார். சட்டத்துக்கு இது போதும். போர்டுக்கு என் பெயரில் நானே எழுதுகிறேன். தப்பு எங்கே நடந்தது?"

பாண்டுரங்கன் ஓரடி முன்னால் வந்தார். "அந்தப் பொண்ணு எழுதினதும் நாடுதாங்க. நான் தட்டினதும் நாடுதாங்க. ரெண்டு பேருக்கும் அது தப்புன்னு தோணல. அச்சடிச்ச தாள்ல 'எந்த தேசம்'னு கேட்டிருந்தா வம்பு வந்திருக்காதுங்க."

"அச்சடித்தது யார்?"

"டிரஸ்டுங்க."

ஜட்ஜ் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்தது என்று அம்சவல்லி நினைத்தாள். முடியவில்லை. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவள் இந்தியர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் ஒரு பையனுக்கு அறிவித்துவிட்டோம். தந்தி கொடுத்துவிட்டோம். திரும்பப் பிடுங்கினால் பள்ளிக்கு என்ன மரியாதை? மெடல் இந்தப் பெண்ணிடமே இருக்கட்டும். நல்ல சிபாரிசுக் கடிதம் ஒன்று தரலாம். இங்கேயே சின்னப் பிள்ளைகள் விடுதியில் உதவி வார்டனாகக்கூட வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை."

மிஸ் ஹார்கிரேவ் தலையசைத்தார். அது நியாயமாகத்தான் பட்டது போலிருந்தது. பேராசிரியர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

மாதையன் மகளின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "இன்னா சொல்றாங்க?"

"இங்கயே வேல தர்றாங்களாம்."

"படிப்பு?"

"இல்லயாம்."

"நீ இன்னா சொல்லப் போற?"

அம்சவல்லி மேஜைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். சட்டையில் குத்தியிருந்த மெடலைக் கழற்றினாள். ஊசி துணியில் சிக்கிக்கொண்டது. நிதானமாக எடுத்தாள். மேஜை மேல் வைத்தாள்.

"இது தவமணிக்குச் சேர வேண்டியது மேடம். வெளிநாட்டுப் பிள்ளைங்கள்ல அவதான் முதல். நான் வெச்சுக்கிட்டா அவளுக்கு நஷ்டம். நஷ்டம் யாருக்கும் இல்லன்னு சார் சொன்னாரு, அது சரியில்ல." நிறுத்தி, மூச்சு விட்டு, மேலே சொன்னாள். "அந்த இடம் எனக்குச் சேர வேண்டியது. பரீட்சையில முதல்ல வர்ற இந்தியப் பிள்ளைக்குன்னு நோட்டீஸ் பலகையில நீங்கதான் போட்டீங்க. நான் முதல்ல வந்திருக்கேன். கடிதம் வேணாம். வேலை வேணாம். இடத்தக் குடுங்க."

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜட்ஜ் கையை உயர்த்தினார்.

"மார்க்கைப் படியுங்கள்."

மிஸ் ஹார்கிரேவ் படித்தார். ஆறு ஏ, ஒரு பி. ஐந்து ஏ, இரண்டு பி.

"விதியில் தந்தியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன பேச்சு? இவளுக்கு என்பவர்கள் கையைத் தூக்குங்கள்."

ஜட்ஜின் கை உயர்ந்தது. பேராசிரியர் பக்கத்தில் பார்த்துவிட்டுத் தூக்கினார். செயலாளர் கொஞ்சம் தாமதித்தார். பிறகு பேனா பிடித்த கையைத் தோள் வரைக்கும் உயர்த்தினார்.

மிஸ் ஹார்கிரேவ் எழுந்து வந்து அவளிடம் கை கொடுத்தார். "ஜூன் பத்தாம் தேதி வகுப்பு. அந்தப் பையனின் அப்பாவுக்கு நானே நேரில் போய்ச் சொல்கிறேன். அது என் வேலை" என்றார். அம்சவல்லிக்கு அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

வெளியே வந்ததும் மாதையன், "பத்தாம் தேதியா? மழ எறங்கியிருக்கும். வெதப்பு நேரம்" என்றார். அப்புறம், "ஒங்கம்மா கேட்டா இன்னா படிப்புன்னு சொல்றது?" என்றார்.

"கணக்குன்னு சொல்லுப்பா."

"கணக்குன்னா அவ இன்னும் ரெண்டு வருஷம் கூட்டலா கழித்தலான்னு கேப்பாளே!"

"ரெண்டும்னு சொல்லு."

பன்னிரண்டரை மணி ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். புளி வியாபாரி காத்திருப்பானோ, போய்விட்டிருப்பானோ.

நூலகத்துப் படிக்கட்டில் லட்சுமணன் உட்கார்ந்திருந்தான். அவள் சட்டையைப் பார்த்தான். ஊசி குத்தின இடத்தில் இரண்டு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. அவனுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தினி பேரு கையத் தூக்கினாங்க?"

"மூணு பேரும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கீழே கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து உடைத்தான். இன்னும் சின்னதாக உடைத்தான். அவள் படிக்கட்டில் நின்றாள். மன்னிச்சுக்கோ என்று சொல்லலாமா என்று யோசித்தாள். தப்பு எதுவும் செய்யாமல் அதை எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவனுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

"வேலூர்ல காலேஜுல சேரணும்னா தனியா ஒரு பரீட்சை வெப்பாங்களாம்" என்றான் கடைசியில். "ஏப்ரல்ல."

"பாஸ் பண்ணிடுவ."

"ஒன் ஃபிசிக்ஸ் நோட்டு வேணும். என்னோடதுல கடைசி ரெண்டு பாடம் இல்ல. ஜுரத்துல படுத்திருந்தேன்."

"எப்ப வேணும்?"

"எப்பன்னா என்ன? இப்பதான்."

"இரு, எடுத்துட்டு வர்றேன்" என்று அம்சவல்லி விடுதிப் பக்கம் ஓடினாள்.